மார்கழியில் அலுமாரிக்குள் வைத்த லென்ஸ்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கமரா வைத்துப் பிழைக்கிற யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால், மிச்சத்தை வாசிக்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றி, முன் பின் மூடிகளை எடுத்துவிட்டு, பின்பக்கத்தால் போன் டோர்ச்சை அடித்து முன்பக்கத்தால் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். நிக்கோனின் பழைய வகை லென்ஸ் என்றால் கழற்றியதும் உள்ளே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிற இதழ்கள் மூடிக்கொள்ளும், பின்பக்கம் இருக்கிற சின்ன நெம்பை விரலால் தள்ளிப் பிடித்தால் திறக்கும். தூசிப் பொட்டு தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், புது லென்ஸிலும் அது இருக்கும். நூல் நூலாகக் கிளைவிட்டு, சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால்தான் பிரச்சினை. அது பூஞ்சணம். எனக்கு அது இரண்டு லென்ஸில் ஒரேயடியாக வந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. லென்ஸை ஈரத்தோடு இருட்டில் பூட்டி வைக்காதே என்று ஒரு வார்த்தை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும்.

எங்கள் தொழிலுக்கு ஒரு வருடக் கணக்கு இருக்கிறது. தை பிறந்தால் கல்யாணம், பிறகு சித்திரை, வைகாசி, ஆவணி என்று ஓடும். ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் கோயில் வேலை இருக்கும். மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தம், அங்கங்கே தீமிதிப்பு என்று கமரா சும்மா இருக்காது. சும்மா இருப்பது மார்கழியில்தான். சைவக்காரர் அந்த மாதத்தில் நல்ல காரியம் வைப்பதில்லை, மழையும் விடாது, அதனால் கார்த்திகைக் கடைசியில் பையை மூடி அலுமாரிக்குள் வைத்தால் தைப்பொங்கலுக்குப் பிறகுதான் எடுப்போம். இப்போது நம் காலநிலையைப் பாருங்கள். மட்டக்களப்பில் வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் நவம்பர் தொடங்கி ஜனவரி வரைக்கும் கொட்டிவிடுகிறது. என் வீடு கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அந்த நாட்களில் சுவர் வியர்க்கும், உப்புப் போத்தல் கட்டிபடும், துவைத்த உடுப்பு நாலு நாளானாலும் காயாது. அதாவது காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கிற நாட்களில்தான் நாங்கள் லென்ஸை இருட்டுக்குள், காற்றோட்டம் இல்லாமல், ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கிற பஞ்சுப் பைக்குள் போட்டு மூடுகிறோம். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் நண்பர்களுக்கு இந்த மார்கழிக் கணக்குக் கிடையாது, அவர்களுக்கு அப்போதும் கல்யாணம் இருக்கும், கமரா வெளியே போய் வரும். எனக்குத் தெரிந்த அந்தப் பக்கத்து ஆட்கள் பூஞ்சணக் கதை சொல்லிக் கேட்டது குறைவு. காரணம் இதுதானோ என்று பின்னால் யோசித்திருக்கிறேன்.

தையில் முதல் வேலை ஒரு சோடிப் படப்பிடிப்பு. பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம், விடியக்காலை. நம் கரையில் சூரியன் கடலுக்கு மேலே வருவதால் காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் எதிர்வெளிச்சம், தலைமுடி ஓரமெல்லாம் பொன்னாகக் கிடைக்கும், எல்லோரும் கேட்கிற படம் அது. அன்றைக்கு எடுத்த எல்லாமே பால் ஊற்றினது போல வெளுத்து வந்தது. கமராத் திரையில் பார்த்தபோது கடல் பனி என்று நினைத்தேன். ஃபில்டரைத் துடைத்தேன், கழற்றிவிட்டும் எடுத்தேன், அதே கதை. வெயில் எனக்குப் பின்னால் இருந்த படங்களில் ஒரு குறையும் தெரியவில்லை. பூஞ்சணத்தின் குணமே இதுதான்: சாதாரண வெளிச்சத்தில் படத்தில் கோடாகவோ புள்ளியாகவோ விழாது, அதனால் நாட்கணக்கில் தெரியாமலே வேலை செய்வோம். எதிர்வெளிச்சத்தில் மட்டும் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாகும், விளக்குகளைச் சுற்றி ஒளி பரவும். இரவு கணினியில் போட்டுப் பார்த்து, மனதுக்கு ஏதோ பிடிபடாமல், லென்ஸைக் கழற்றி டோர்ச் அடித்தேன். அகலப் படங்களுக்குப் பாவிக்கிற 24-70 சூமின் நடுக்கண்ணாடியில் ஒரு ஓரத்திலிருந்து வெள்ளை நூல் படர்ந்திருந்தது. உடனே தூரத்துக்குப் பாவிக்கிற 70-200 ஐ எடுத்தேன். அதில் இன்னும் மோசம். அந்த நேரம் வயிற்றுக்குள் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. அந்த மாதத்துக்கே அட்வான்ஸ் வாங்கின கல்யாணங்கள் கையில் இருந்தன.

இது என்ன சாமான் என்று விளங்கினால்தான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று தெரியும். பூஞ்சண வித்துகள் எங்கும் காற்றில் இருக்கின்றன, லென்ஸுக்குள்ளும் இருக்கும், அதை யாராலும் தடுக்க முடியாது. சூம் லென்ஸை நீட்டி மடக்கும்போது அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கத்தான் செய்யும். உள்ளே போன வித்து தூசியிலும் எண்ணெய்ப் பசையிலும் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். காற்றின் ஈரப்பதன் 65, 70 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால், இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால், முளைக்கும். முளைத்தது ஒரு அமிலத்தைக் கக்கும், அது கண்ணாடி மேல் இருக்கிற பூச்சை அரிக்கும். விட்டுவிட்டால் கண்ணாடியையும் அரிக்கும். ஆரம்பத்தில் கழற்றித் துடைத்தால் போய்விடும், அரித்த பிறகு துடைத்தால் பூஞ்சணம் போனாலும் அதன் தடம் போகாது. அதனால் கண்டவுடன் நாளைக் கடத்தக் கூடாது, அதேநேரம் பதறிப்போய் யார் கையிலாவது கொடுக்கவும் கூடாது. இரண்டாவதில்தான் நான் மாட்டினேன்.

முதலில் ஊரில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் வெயிலில் வை என்றார். இன்னொருவர் அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வை என்றார், நனைந்த போனுக்குச் செய்கிற வைத்தியம். அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் கொஞ்சம், அதன் தவிட்டுத் தூள்தான் லென்ஸுக்குள் போகும், பூஞ்சணத்துக்குச் சாப்பாடு போட்டுவிட்டது போல. வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் இளகி இதழ்களில் படியும், அப்புறம் அது ஒட்டிக்கொண்டு அபர்ச்சர், அதாவது அந்த இதழ்களின் துவாரம், மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வெயிலின் ஊதாக்கதிர் கொல்லும் என்பார்கள், ஆனால் லென்ஸ் கண்ணாடிகளே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், உள்ளே நடுக்கண்ணாடிக்குப் போய்ச் சேர்வது சொற்பம். உருப்படியாகப் பேசியவர் நகரத்தில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு வயதான ஐயா. "தம்பி, இதென்ன புதுக் கரைச்சலா? பிலிம் காலத்துலயே எங்களுக்கு இது இருந்ததுதானே. நாங்க அலுமாரிக்குள்ள நாப்பது வாட் பல்ப் ஒண்டு பத்தவெச்சி விட்டுருவம், மாரி முடியுமட்டும் அணைக்கிறல்ல" என்றார். சூடானால் காற்றின் ஈரப்பதன் இறங்கும், அவ்வளவுதான் அதில் இருக்கிற வித்தை. டிஜிட்டல் வந்து, எல்.ஈ.டி பல்ப் வந்து, அந்தப் பழக்கமும் போய்விட்டது. எங்கள் தலைமுறைக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை, நாங்கள் யூடியூப்பில் படித்தவர்கள். அங்கே லென்ஸைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் குளிர் நாட்டுக்காரர்கள்.

சரி, கொழும்புக்குப் போனேன், இரவு பஸ்ஸில். பெயர் சொல்லப் போவதில்லை, நண்பர்கள் இருவர் சொன்ன கடைதான். கவுண்டரில் இருந்தவர் லென்ஸை வெளிச்சத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு, செய்யலாம், இரண்டு கிழமை என்றார். ஒரு துண்டில் லென்ஸ் இரண்டு, சுத்தம் செய்ய, என்று சிங்களத்தில் எழுதித் தந்தார். தொகை எழுதவில்லை, இலக்கம் எழுதவில்லை. என் சிங்களம் பஸ் ஏறி இறங்கப் போதும், வாதாடப் போதாது. இரண்டு கிழமை என்பது மாசிக் கடைசி வரைக்கும் இழுபட்டது. போன் எடுத்தால் தொழிலாளி லீவு என்பார்கள், பாகம் வரவேண்டும் என்பார்கள். இந்த இடைவெளியில் கல்முனையில் ஒரு தம்பியிடம் நாள் வாடகைக்கு லென்ஸ் எடுத்தேன், ஒரு நாளைக்கு 4,000 ரூபாய். சில கல்யாண வீட்டுக்கு முதல்நாள் இரவே லென்ஸை எடுத்து வைக்க வேண்டும், அதனால் இரண்டு நாள் காசு. அந்தப் பருவத்தில் வாடகைக்கே 60,000 போனது. அவனும் பாவம், தன் வேலை இல்லாத நாளில்தான் தருவான், அந்த நாட்களில் பலதில் நானும் வேலையில்லாமல் இருப்பேன். நல்ல நாள் எல்லோருக்கும் ஒரே நாள்தானே.

கடைசியில் 24-70 வந்தது. பார்க்கச் சுத்தமாக, புதிதுபோல் இருந்தது. 28,000 வாங்கினார்கள். 70-200 இல் பூச்சு அரித்துவிட்டது, ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள், திறந்து பார்த்ததற்கு 6,000. திறந்த பிறகு அதன் ஃபோகஸ் வளையத்தில் ஒரு கரகரப்பு, அது முன்பு இருக்கவில்லை. காசைக் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த கிழமை களுவாஞ்சிக்குடியில் ஒரு கல்யாணம். குடும்பப் படம் எடுத்து அல்பத்துக்குப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது, வலப்பக்கம் நிற்கிற மாப்பிள்ளை வீட்டார் துல்லியமாக இருக்கிறார்கள், இடப்பக்கம் நிற்கிற பெண் வீட்டு மாமா, மாமி, பிள்ளைகள் எல்லோரும் மங்கல். ஒரு படமல்ல, அகலமாக எடுத்த எல்லாப் படமும். லென்ஸைப் பிரித்துப் பூட்டியபோது ஒரு கண்ணாடி நேராக உட்காரவில்லை. இதற்கு டீசென்டரிங் என்று பெயர். கண்ணாடி மயிரிழை விலகினாலும் ஒரு பக்கம் போய்விடும், அபர்ச்சர் அகலமாகத் திறக்கத் திறக்க அது இன்னும் கூடுதலாகத் தெரியும். பெண்ணின் அப்பா நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. "தம்பி, என்ட தங்கச்சிட முகம் ஒண்டுலயும் தெளிவா இல்லையே" என்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம். 40,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டு அல்பத்தைக் கொடுத்தேன்.

கடைக்குப் போன் போட்டால், கொண்டுவரும்போதே அப்படித்தான் இருந்தது என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்கள். இல்லை என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், லென்ஸை எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், தெரிந்தவர் கடை என்றாலும். கொடுப்பதற்கு முதல்நாள் வீட்டுச் சுவரில் பத்திரிகைத் தாள்களை நாலு மூலைக்கும் நடுவுக்கும் நேராக ஒட்டி, கமராவை ஸ்டாண்டில் பூட்டிச் சுவருக்குச் சரி நேராக வைத்து, லென்ஸின் ஆக அகலமான அபர்ச்சரில் ஒன்று, அதை ஒடுக்கி எஃப் 8 இல் ஒன்று எடுத்து வையுங்கள். சூமென்றால் இரண்டு முனையிலும் எடுங்கள். டோர்ச் அடித்து உள்ளே தெரிவதை வீடியோ எடுங்கள். லென்ஸின் தொடர் இலக்கத்தைப் படம் எடுங்கள், கடைக்காரரின் துண்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே லென்ஸைத் திருப்பி வாங்கலாம். ஆகக் கூடினால் எவ்வளவு வரும், செய்ய முடியாவிட்டால் எவ்வளவு எடுப்பீர்கள், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பிரித்துப் பூட்டிய பிறகு கண்ணாடிகளை நேர்ப்படுத்திப் பார்க்க உங்களிடம் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கும். வாங்கும்போது உங்கள் கமராவைக் கொண்டுபோய், கடைக்கு வெளியே ஒரு செங்கல் சுவரோ பெயர்ப்பலகையோ பார்த்து அதே மாதிரி எடுத்து, நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. மட்டக்களப்பிலிருந்து திரும்ப ஒருதரம் போய்வர இரவு இரண்டும் பகல் ஒன்றும் வேண்டும்.

பிறகு எனக்கு ஒருவர் கிடைத்தார், பெரிய பலகை ஒன்றும் இல்லாத, வீட்டில் வைத்தே வேலை செய்கிற மனிதர். லென்ஸை வாங்க முதலே, மூலைப் படங்களை அனுப்பு என்றார். அனுப்பினதும் எந்தக் கண்ணாடி விலகியிருக்கும் என்று ஊகித்துச் சொன்னார். 18,000 எடுத்தார், ஐந்தாறு நாளில் பார்சலில் திருப்பி அனுப்பினார், இன்றைக்கும் அந்த 24-70 தான் என் சோறு. புதிதாக வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில கிழமைகளுக்குள் 360 வரைக்கும் ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. முன்பு கல்யாணச் சம்பாத்தியத்தில் வாங்கின லென்ஸை இன்றைக்கு வாங்க ஒரு பருவம் முழுக்க உழைக்க வேண்டும்.

லென்ஸ் இல்லாமல் இருந்த அந்தக் காலத்தில் ஒரு நல்லதும் நடந்தது. வாடகை லென்ஸ் கிடைக்காத நாட்களில் என்னிடம் இருந்தது ஒரு 50 எஃப் 1.8, சூம் இல்லாத லென்ஸ், மலிவானது, மேசை மேல் வெளியே கிடந்ததால் அதில் பூஞ்சணம் இல்லை. அதோடு ஒரு பிளாஷ். அதுவரைக்கும் பிளாஷை நேரே முகத்தில் அடித்தோ, இல்லாவிட்டால் கமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓவை ஏற்றியோ காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன், அப்போதுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். நம் மண்டபங்களில் கூரை உயரம், சிலது தகரம், மேலே அடித்த வெளிச்சம் கீழே வராது. உட்கூரைக்கு ரோஸ் துணி, நீலத் துணி கட்டியிருந்தால் வருகிற வெளிச்சமும் அந்த நிறத்தில் வந்து பெண்ணின் முகத்தை நோயாளி முகமாக்கிவிடும். அதற்கு நான் கண்ட வழி ஒரு பெரிய ரிஜிபோம் தாள், அதாவது வெள்ளை நுரைப் பலகை. உதவிக்கு வருகிற பொடியனைப் பக்கவாட்டில் ஆறேழு அடி தள்ளி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, பிளாஷ் தலையைத் திருப்பி அதில் அடித்தால் ஜன்னல் வெளிச்சம் போல மெதுவாக வந்து விழும், நகையும் பட்டும் வெளுக்காது. ஷட்டரை 1/200 செக்கனில் வைத்தால் பின்னால் மண்டபம் இருண்டுவிடும், மணவறை அலங்காரத்துக்குக் காசு கொட்டினவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார்கள். ஷட்டரை இறக்கினால் பின்னால் உள்ள விளக்குகளும் படத்துக்குள் வரும், முகத்தை பிளாஷ் பிடித்து வைத்திருக்கும்.

எந்த அளவுக்கு இறக்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்.ஈ.டி விளக்குகள் செக்கனுக்கு நூறு தரம் துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். 1/160, 1/250 இல் எடுத்தால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டி விழும். 1/100 அல்லது 1/50 இல் எடுத்தால் துடிப்பு முழுதாக உள்ளே அடங்கிவிடும், பட்டி விழாது. கோயில் தோரண விளக்குகளுக்கும் இதே கணக்குத்தான். இன்னொன்று, 1.8 இருக்கிறது என்று எப்போதும் 1.8 இல் எடுக்காதீர்கள். பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேம் கமராவில் ஒன்றரை மீற்றர் தூரத்தில் 50 இன் 1.8 இல் தெளிவாக விழுவது கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் ஆழம்தான், தாலி தெளிவாக இருந்தால் மாப்பிள்ளையின் முகம் மங்கும். எஃப் 4 க்குப் போனால் அது 20 க்கு மேல் வரும், கையும் முகமும் இரண்டும் நிற்கும். தாலி கட்டுகிற அந்த இரண்டு மூன்று செக்கனில் மங்கலான பின்னணி யாருக்கும் வேண்டாம்.

இப்போது என் சாமான் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். மின்சாரத்தில் ஓடுகிற உலர் பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள், அது இழுப்பது சில வாட் மின்சாரம், பில்லில் தெரியாது. நான் தொடங்கியது அதில் அல்ல. சமையலறைச் சாமான் கடையில் மூடியில் ரப்பர் வளையம் உள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல் ஒரு கிலோ, சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று, மூன்றும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்படி ஒரு நாள் வந்தாலும் இந்தப் பெட்டிக்குக் கவலை இல்லை. ஈரப்பதனை 40 க்கும் 50 க்கும் இடையில் வைத்திருந்தால் போதும். இன்னும் காய்ந்தால் இன்னும் நல்லது என்று 20 க்கு இறக்காதீர்கள், ரப்பரும் கிரீஸும் காலப்போக்கில் பழுதாகும். மலிவான ஈரமானி பொய் சொல்லும், அதைச் சோதிக்க ஒரு வழி: ஒரு போத்தல் மூடிக்குள் கறி உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விட்டு, கரையாமல் சேறு மாதிரி ஆக்கி, அதையும் ஈரமானியையும் காற்றுப் போகாத ஒரு டப்பாவுக்குள் ஒரு இரவு மூடி வையுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அது எப்போதும் ஐந்து குறைத்துத்தான் சொல்கிறது என்று மனதில் கூட்டிக்கொள்ளலாம்.

சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் எறிய வேண்டாம். நீலம் ரோசாகும், செம்மஞ்சள் பச்சையாகும், இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், வயிறு நிறைந்துவிட்டது. 110, 120 பாகையில் அவன் அடுப்பில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்தால் பழையபடி ஆகிவிடும். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, அது உடம்புக்குக் கூடாது, அதனால் வீட்டில் சாப்பாடு செய்கிற தட்டிலோ அவனிலோ அதைக் காய வைக்க வேண்டாம். செம்மஞ்சள் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். லென்ஸைப் பெட்டிக்குள் போடும்போது பையோடு போடக் கூடாது, தோல் உறையோடும் போடக் கூடாது. பையை மழை விட்ட நாளில் பஞ்சுத் தட்டிகளைக் கழற்றி வெயிலில் காய விடுங்கள். மார்கழியில் வேலை இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒருதரமாவது லென்ஸை எடுத்து வளையங்களை முழுக்கச் சுற்றி, நாலு படம் எடுத்துவிட்டு வையுங்கள். நான் மழை விட்ட காலைகளில் வாவிக்கரைக்குப் போகிறேன். வலை வீசுகிறவர்களை எடுத்து அந்தப் படங்களில் சிலவற்றை ஒரு ஹோட்டலுக்கு விற்றும் இருக்கிறேன், அது வேறு கதை.

வேலை நாளிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஏசி மண்டபத்திலிருந்து வெளி வெக்கைக்கு வரும்போது லென்ஸ் வியர்க்கும், வெளியே வியர்ப்பதைத் துடைக்கலாம், உள்ளே வியர்ப்பதை என்ன செய்வது? வெளியே வர முதல் ஏசிக்குள்ளேயே கமராவை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, வெளியே வந்து அரை மணித்தியாலம் விட்டுத் திறந்தால் வியர்வை பைக்கு வெளியில்தான் படியும். அடுத்தது கடற்கரை. பாசிக்குடாவில் அலை பெரிதாக இல்லை என்று ஏமாறக் கூடாது, காற்றிலேயே உப்பு வரும். வந்ததும் முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதிவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமரா உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். காய்ந்த துணியை முதலில் போட்டால் உப்பும் மணலும் சேர்ந்து கீறும். கோயில் வேலையில் குங்குமமும் விபூதியும் மஞ்சள் தண்ணீரும் இருக்கின்றன. சூம் வளையத்து இடுக்கில் போன குங்குமத்தை எடுக்க மென்மையான பிரஷ் ஒன்றைப் பையில் வைத்திருங்கள், வாயால் ஊத வேண்டாம், எச்சில் போகும்.

அந்த 70-200 ஐ கடைசியில் 45,000 க்கு விற்றேன், 160,000 க்கு வாங்கினது. வாங்கினவர் அக்கரைப்பற்றில் வீடியோ செய்கிறவர், பூஞ்சணம் என்று சொல்லி, டோர்ச் அடித்துக் காட்டித்தான் கொடுத்தேன். எதிர்வெளிச்சம் இல்லாத இடத்தில் பாவிக்கலாம், தூரத்துக் காட்சிக்கு அவருக்குப் போதும். இப்படி உண்மை சொல்லி விற்கிறவர்கள் குறைவு. பழைய லென்ஸ் வாங்கப் போனால் உங்கள் கமராவையும் டோர்ச்சையும் கொண்டு போங்கள், வெளியே எதிர்வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள், மூலைகளைப் பாருங்கள், திருகாணித் தலைகளில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் யாரோ ஒருதரம் திறந்திருக்கிறார்கள். விற்கிறவர் கழற்ற விடவில்லை, அல்லது சும்மா தூசிதான் என்று அவசரப்படுத்துகிறார் என்றால், பஸ் காசு போனால் போகட்டும் என்று திரும்பி வந்துவிடுங்கள்.